பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து இரண்டு தட்டு!

குட்டீஸ், ஐந்தருவிக்குப் போயிருக்கிறீர்களா?

தென்காசியிலிருந்து குற்றாலம் வந்து, பேரருவியைத் தாண்டி இன்னும் சுமார் 5 கிலோமீட்டர் போக வேண்டும். வழியில் படகு விடும் குளம் ஒன்று வரும். அதற்கப்புறம் வண்டியின் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அருவி கண்ணில் படாது. ஆனால், 'ஹோ...' என்று ஓர் இரைச்சல் மரங்களுக்கு நடுவிலிருந்து வரும். வண்டி போகப் போகச் சத்தம் பெரிதாகும். தண்ணீர் நிறைய விழுகிறதா, நூல் மாதிரி விழுகிறதா என்பதைக் காது முதலிலேயே சொல்லிவிடும். கண்ணுக்கு அப்புறம்தான் தெரியும்.

போன வருட சீசனில் எங்கள் வீட்டுப் பட்டாளம் ஒரு வேனில் அங்கே போனது. இரைச்சலைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம். நினைத்தபடியே ஆயிற்று. "வெள்ளம் ஜாஸ்தி. குளிக்கத் தடை" என்று போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் பார்ப்போம், குறைந்தால் விடுவார்கள் என்று வேனிலேயே உட்கார்ந்திருந்தோம். வெளியே சாரல். உள்ளே ஏழு பிள்ளைகள். நேந்திரம் சிப்ஸ் பத்தே நிமிடத்தில் காலி. அடுத்து என்ன? ஜன்னல் ஓர சீட்டுக்குச் சண்டை!

அப்போது, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன் செல்போனில் ஒரு கதையைப் போட்டான். படம் எதுவும் இல்லை. ஒரே ஒரு ஆள் கதை வாசிக்கும் குரல் மட்டும்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய வீடு. ஏழு வருடமாக வாசலில் பூட்டு தொங்குகிறது. ஆனால், மாதம் தவறாமல் அந்த வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. தபால்காரரும் பழக்கதோஷத்தில் கதவை இரண்டு முறை தட்டிவிட்டு, கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார். ஒரு மழை நாள் சாயங்காலம். வழக்கம் போல 'டொக், டொக்' என்று தட்டினார். கடிதத்தைத் தள்ளினார். திரும்பி நடந்தார்.

வீட்டுக்குள்ளிருந்து, 'டொக்... டொக்...'

வேனுக்குள் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. டிரைவர் அண்ணன் ஸ்டியரிங் மேல் சாய்ந்தபடி காதைப் பின்பக்கம் திருப்பிவிட்டார். கதையில் தபால்காரர் பூட்டைத் தொட்டுப் பார்க்கிறார். துருப்பிடித்த பூட்டு, யாரும் திறந்த அடையாளமே இல்லை. அவர் கை நடுங்குகிறது. இந்த முறை மூன்று தட்டு தட்டுகிறார். உள்ளேயிருந்து...

செல்போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்துவிட்டதாம்!

அடுத்த நிமிடம் வேனில் நடந்த ரகளையை நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். "பேய்தான்!" என்றாள் ஒருத்தி. "திருடன் ஒளிஞ்சிருக்கான்" என்றான் ஒருவன். குற்றாலத்துக் குரங்குகளிடம் வாழைப்பழத்தைப் பறிகொடுத்திருந்த ஒரு பொடியன், "ஓட்டைப் பிரிச்சு இறங்கின குரங்கு" என்று அடித்துச் சொன்னான். கடைசி சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்த எங்கள் ஆச்சி மட்டும் நிதானமாகக் கேட்டாள்: "ஏலே, அந்த வீட்டுக்குப் பொறவாசல்னு ஒண்ணு கெடயாதா?"

வேனே சிரித்தது. அட, ஆச்சி தூங்கவே இல்லை!

அந்தக் கதையையே புத்தகத்தில் படித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். பயம் தாங்காமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள்தானே? நானும் அந்தக் கட்சிதான். கண் ரொம்ப அவசரக்காரக் கண். ஒரு வரியைப் படிக்கும்போதே நாலு வரி தள்ளி மேய்ந்துவிடும். காதுக்கு அந்த வித்தை தெரியாது. சொல்கிறவர் ஒரு சொல்லைச் சொன்னால்தான் அடுத்த சொல் கிடைக்கும். அவர் நிறுத்தினால் நாமும் நிற்க வேண்டியதுதான். செல்போனில் தள்ளிவிட்டுக் கேட்கலாமே என்கிறீர்களா? கேட்கலாம். ஆனால், எங்கே தள்ளுவது என்று தெரியாமல் முழித்து, திரும்பவும் பழைய இடத்துக்கே வருவீர்கள். அதனால்தான் மர்மக் கதைக்கும் காதுக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

சிறுகதை என்றால் இன்னும் வசதி. அருவிக்கரையில் காத்திருக்கும் நேரத்துக்குள், பஸ் பயணத்துக்குள், கரண்ட் போன அரை மணிக்குள் தொடங்கி முடிந்துவிடும்.

வில்லும் ரேடியோவும்

இதெல்லாம் செல்போன் வந்த பிறகு கண்டுபிடித்த புதுச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். நெல்லைச் சீமையில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இருக்கும். ஒரு பெரிய வில், அதில் கட்டிய மணிகள், வில்லைத் தட்ட வீசுகோல், பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம். கதை ராத்திரி முழுக்க நடக்கும். மேடையில் வேஷம் கட்டி யாரும் வரமாட்டார்கள். கோட்டை, காடு, சண்டை எல்லாம் பாடுகிறவரின் குரலில்தான். கதை கொதிக்கிற இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, குடத்தை மட்டும் தட்ட விடுவார்கள். ஜமுக்காளத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்துவிடும்! வில்லிசையில் புகழ்பெற்ற சுப்பு ஆறுமுகம் (1928 - 2022) நெல்லை மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர்தான்.

ஆச்சியின் சின்ன வயதில், திருநெல்வேலி வானொலி நிலையம் 1963ல் தொடங்கப்பட்டது. ஊருக்கே பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு ரேடியோ. நாடகம் போடும் நேரத்துக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து மணலில் உட்கார்ந்துவிடுவார்களாம். "பாதி நாடகத்துல கரண்டு போயிரும். மிச்சக் கதையை ஆளுக்கு ஒண்ணா சொல்லிக்கிட்டே வீட்டுக்கு வருவோம்" என்றாள். அன்று வேனில் நடந்ததும் அதேதானே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே ஐந்தருவிப் பக்கம்தான் 'ரசிகமணி' டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882 - 1954) வாழ்ந்தார். பாட்டை வாய்விட்டுச் சொல்லி, கேட்கிறவரையும் சேர்த்து ரசிக்க வைப்பதில் மன்னர். ராஜாஜியும் கல்கியும் குற்றாலத்துக்கு அவரைத் தேடி வருவார்கள். அவர் சொன்னவை திகில் கதைகள் அல்ல, கம்பன் பாடல்கள். ஆனாலும், எழுத்து என்பது கண்ணுக்கு மட்டும் உரியதல்ல என்பது அந்த வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் பேசிய புத்தகம்

சரி, ஒருவர் ஒருமுறை வாசித்ததைப் பிடித்து வைத்து, வேண்டும்போது கேட்கலாம் என்று முதலில் யோசித்தவர் யார்?

தாமஸ் ஆல்வா எடிசன். 1877ல் அவர் போனோகிராஃப் கருவியைக் கண்டுபிடித்தார். நம் குரலைப் பதிந்து திருப்பிச் சொல்லும் முதல் இயந்திரம் அதுதான். அடுத்த ஆண்டே, 1878ல், இதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் எழுதினார். அதில் ஒன்று, பார்வையற்றவர்களுக்காகப் பேசும் புத்தகம்! இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், எடிசனுக்கே காது சரியாகக் கேட்காது.

யோசனை பிறந்துவிட்டது. ஆனால், அது நிறைவேற ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஏன் தெரியுமா? அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் நாலைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு நாவலைப் பதிய வேண்டுமானால் தட்டுகளை மூட்டை கட்டித்தான் தூக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் வருகிறான். பெயர் இயான் ஃபிரேஸர். முதல் உலகப் போரில், 1916ல், பிரான்ஸ் நாட்டின் சோம் போர்க்களத்தில் குண்டு பாய்ந்து அவனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. அந்தப் போரில் பார்வை இழந்த வீரர்கள் நிறையப் பேர். விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்து அப்போதே இருந்தது. ஆனால், வளர்ந்த பிறகு பார்வை போனவர்களுக்கு அதைப் பழகுவது லேசான வேலை இல்லை. கையிலும் காயம் பட்டவர்கள் என்ன செய்வார்கள்? இங்கிலாந்தில் அந்த வீரர்களுக்கான அமைப்பின் தலைவராக வளர்ந்த ஃபிரேஸர், பேசும் புத்தகத்துக்காக விடாமல் முயன்றார்.

வழி கிடைத்தது. சாதாரணத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். அதை 24 சுற்றாகக் குறைத்தார்கள். தட்டில் இருக்கும் கோடுகளையும் நெருக்கமாகப் போட்டார்கள். இப்போது ஒரு பக்கம் சுமார் 25 நிமிடம் பேசியது! ஒரு நாவல் பத்துத் தட்டுகளில் அடங்கியது. 1935ல் இங்கிலாந்தில் பார்வையற்றோருக்கான முதல் பேசும் புத்தகங்கள் வீடுகளுக்குப் போயின.

முதலில் பதிந்த புத்தகங்கள் எவை, சொல்லுங்கள் பார்ப்போம்! பாடப் புத்தகமா? அறிவுரையா? இல்லை. ஒன்று, கடும் புயலில் சிக்கிய கப்பலின் கதையான ஜோசப் கான்ராடின் 'டைஃபூன்'. இன்னொன்று, அகதா கிறிஸ்டி எழுதிய 'ரோஜர் ஆக்ராய்டு கொலை' என்ற துப்பறியும் நாவல். முடிவு தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் நாவல் அது. பார்வை போனவர்களுக்கும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற துடிப்பு அப்படியேதானே இருக்கும்! கற்பனை செய்து பாருங்கள். துப்பறிவாளர் வாயைத் திறக்கப் போகிறார். 25 நிமிடம் முடிந்துவிடுகிறது. தட்டைத் தடவிப் பார்த்து எடுத்து, புரட்டிப் போட்டு, முள்ளைச் சரியாக வைக்கும்வரை அந்த ஆளின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

காதுக்கென்றே பிறந்த கதை

கேட்டுப் பார்க்க எனக்கு ஒரு கதை சொல்லுங்கள் என்றால், ஆர்தர் கானன் டாயில் 1892ல் எழுதிய 'புள்ளிகள் போட்ட பட்டை'யைச் சொல்வேன். ஷெர்லக் ஹோம்ஸ் கதை. ஒரு பெண்ணின் இரட்டைச் சகோதரி மர்மமாக இறந்து போகிறாள். இறப்பதற்கு முந்தைய ராத்திரிகளில் அவள் காதில் விழுந்தது ஒரு மெல்லிய சீழ்க்கை ஒலி. இப்போது அதே சீழ்க்கை இந்தப் பெண்ணுக்கும் கேட்கிறது! ஹோம்ஸும் வாட்சனும் அந்த அறையில் விளக்கை அணைத்துவிட்டு விடிய விடியக் காத்திருக்கிறார்கள். எதையும் பார்க்க முடியாது. தூரத்தில் ஊர் மணிக்கூண்டு கால் மணிக்கு ஒருதரம் அடிக்கிறது. பன்னிரண்டு... ஒன்று... இரண்டு... மூன்று...

இதைப் படிக்கும்போது நீங்கள் வெளிச்சத்தில் இருப்பீர்கள். கேட்கும்போது விளக்கை அணைத்துவிடலாமே! ஹோம்ஸுக்கு என்ன தெரிகிறதோ அதே இருட்டுதான் உங்களுக்கும். முடிவைச் சொல்ல மாட்டேன். 2005ல் தொடங்கிய 'லிப்ரிவாக்ஸ்' என்ற இணைய நூலகத்தில், பதிப்புரிமை முடிந்த இதுபோன்ற கதைகளைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிந்து, காசு வாங்காமல் தருகிறார்கள். ஆங்கிலம் கொஞ்சம் பழையது. பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில்? புதுமைப்பித்தன் (1906 - 1948) நெல்லையில் படித்து வளர்ந்தவர். அவர் 1943ல் எழுதிய 'காஞ்சனை' ஒரு சரியான திகில் கதை. வீட்டுக்கு வேலைக்கு வரும் ஒரு பெண் மனுஷிதானா, வேறு எதுவுமா என்று கடைசிவரை நம்மைச் சுற்ற விடுவார். பதிமூன்று, பதினாலு வயதுக்காரர்கள் கேட்கலாம். பொடிசுகள் பகலில் கேட்டால் போதும்! அவருடைய நூல்கள் 2002ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டன. அதாவது, அவற்றை நீங்களே வாசித்துப் பதிவு செய்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

நிஜமாகவே வாசித்துப் பாருங்களேன். ஒரு செல்போன், ஜன்னல் சாத்திய அறை, அவ்வளவுதான். மழைச் சத்தம் வேண்டுமா? முறத்தில் அரிசியைப் போட்டு மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுங்கள். இரண்டு கொட்டாங்கச்சியைத் தரையில் தட்டினால் குதிரை ஓடும். வானொலி நாடகக்காரர்களின் பழைய தந்திரம் இது. மெல்லிய தகரத்தை உதறினால் இடி. பிளாஸ்டிக் தாளைக் கசக்கினால் நெருப்பு. ஆனால், எல்லாவற்றையும்விட பயமுறுத்துவது எது தெரியுமா? ஒன்றும் பேசாமல் விடும் இரண்டு விநாடி!

இப்படிப் பதிந்தது உங்களோடு நின்றுவிட வேண்டுமா? பாளையங்கோட்டையில் 1890ல், ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பார்வையற்ற குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளிக்கு இப்போது நூறு வயதைத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்ட பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடங்களை வாசித்துப் பதிந்து கொடுப்பவர்கள் உண்டு. ஆனால், பாடம் மட்டும் போதுமா? கதைப் புத்தகக் கடையில் நீங்கள் ஆசையாகப் புரட்டும் புத்தகங்களில் மிகக் கொஞ்சம்தான் பிரெய்லிலோ ஒலியிலோ கிடைக்கின்றன. பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கக்கூடாது என்பதற்காக 2013ல் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2014ல் அதை முதலில் ஏற்றுக்கொண்ட நாடு எது தெரியுமா? நம் இந்தியாதான்! சட்டம் வழி விட்டுவிட்டது. வாசிக்கக் குரல்தான் வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒரு பள்ளி இருந்தால், ஆசிரியரை அழைத்துக்கொண்டு போய் அங்கே என்ன தேவை என்று கேளுங்கள். "மர்மக் கதை இருக்கா?" என்றுதான் முதல் கேள்வி வரும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

ஒரு கண்டிப்பான விஷயம். இயர்போனை மாட்டிக்கொண்டு அருவிப் பக்கம் போகவே போகாதீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். கீழே மழை பெய்யாவிட்டாலும் மலைமேல் பெய்த தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் கலங்கி வருகிறதா, சருகும் குச்சியும் சேர்ந்து வருகிறதா, இரைச்சல் கூடுகிறதா? உடனே வெளியே வந்துவிட வேண்டும். "ஓடு!" என்று யாராவது கத்தினாலும் காதில் விழ வேண்டுமே. அதுவும் அருவிச் சத்தத்தை மிஞ்சுவதற்காக நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். பிள்ளைகளின் காதுக்கு 75 டெசிபல் அளவுக்குள், வாரத்துக்கு 40 மணி நேரம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அருவியில் அருவியைக் கேளுங்கள். கதையை வேனில் கேட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்கு எங்களுக்குக் கடைசிவரை தடை விலகவில்லை. சாயங்காலம் நனையாமலே தென்காசி திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் யாரும் கைகால்கூடக் கழுவவில்லை. செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ஏழு பேரும் அதைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். மிச்சம் நாலு நிமிடக் கதை ஓடியது.

ஆச்சி சொன்னதுதான் சரி. அந்த வீட்டுக்குப் புறவாசல் இருந்தது. தபால்காரர் மழையில் நனைந்தபடி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகிறார். கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கிறது. உள்ளே சிம்னி விளக்கு வெளிச்சம். ஏழு வருடக் கடிதங்களும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கின்றன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது...

என் செல்போனில் சார்ஜ் இருக்கிறது, குட்டீஸ். ஆனால் இந்தப் பக்கத்தில்தான் இடம் தீர்ந்துவிட்டது!